டி செல்லைத் தொடும் மருந்துக்கு எந்தச் சோதனை: குரங்கா, சுண்டெலியா, மனித செல்லா?

ஆன்டிபாடி என்று பரவலாக அறியப்படும் எதிர்ப்பொருள் மருந்துகளை உருவாக்கும் ஒரு குழு, தன் மருந்தை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செலுத்துவதற்கு முன் விடை காண வேண்டிய கேள்விகளுள் மிகவும் கனமானது, அந்த மருந்து உடலின் நோயெதிர்ப்புச் செல்களைக் கட்டுக்கடங்காமல் தூண்டிவிடுமா என்பதுதான். தூண்டிவிட்டால் அச்செல்கள் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்களை வெள்ளமாக வெளியிடும். இரத்த அழுத்தம் சரியும். நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழக்கத் தொடங்கும். கொரோனா காலத்தில் செய்தித்தாள் வாசகர்களுக்கும் பழகிப்போன 'சைட்டோகைன் புயல்' என்பது இதுதான். அது கிருமியால் மட்டுமல்லாமல் மருந்தாலும் வரும்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே அறிய இன்று மூன்று வழிகள் உள்ளன. மருந்தை நீள்வால் குரங்குக்குக் கொடுத்துப் பார்க்கலாம். மனித நோயெதிர்ப்புச் செல்கள் ஏற்றப்பட்ட சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். மனித இரத்தத்தையோ அதிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளணுக்களையோ ஆய்வகத் தட்டில் மருந்தோடு சேர்த்து வைத்து, வெளிவரும் சைட்டோகைன்களை அளந்து பார்க்கலாம். பணமும் காலமும் அளவாகவே உள்ள ஒரு குழு இவற்றில் எதை முதன்மையாக நம்ப வேண்டும், முதல் மருந்தளவை எதிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சைட்டோகைன் ஆபத்து என்ற இந்த ஒரு கேள்விக்கு மனித செல் சோதனையே முதன்மைச் சான்றாக இருக்க வேண்டும். ஆயினும் 'செல் சோதனை' என்ற ஒரே பெயரில் நடப்பவை எல்லாம் ஒன்றல்ல. மருந்துக்குப் பொருந்தாத வடிவத்தில் செய்யப்படும் செல் சோதனை, குரங்கு தந்த பொய்யான நிம்மதியையே திரும்பத் தரும்.

2006: லண்டன்

இந்தத் துறையில் எந்த வாதமும் 2006 மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நடந்ததைத் தொடாமல் முன்னேற முடியாது. ஜெர்மனியைச் சேர்ந்த டெஜெனெரோ நிறுவனம் உருவாக்கிய டி.ஜி.என். 1412 என்ற எதிர்ப்பொருள், அன்று முதல்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. நலமான எட்டு ஆண் தன்னார்வலர்களில் ஆறு பேருக்கு மருந்தும் இருவருக்கு வெற்றுக் கரைசலும் கொடுக்கப்பட்டன. மருந்தளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். மருந்து பெற்ற ஆறு பேருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல் தொடங்கின. பதினாறு மணி நேரம் ஆவதற்குள் ஆறு பேரும் உயிருக்குப் போராடும் நிலையை அடைந்தார்கள். தீவிர சிகிச்சையால் அனைவரும் உயிர் பிழைத்தனர் என்பது பெரிய ஆறுதல். ஆயினும் ஒருவர் கைவிரல் நுனிகளையும் கால்விரல்களையும் இழந்தார்.

அந்த மருந்து, நோயெதிர்ப்பு வெள்ளணு வகைகளுள் ஒன்றான டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி28 என்ற ஏற்பியை, அதாவது சமிக்ஞையை வாங்கும் புரதத்தைப் பற்றுவது. டி செல் முழுமையாக விழித்தெழ வழக்கமாக இரண்டு சமிக்ஞைகள் தேவை. ஒன்று அந்நியப் பொருளை அடையாளம் காணும் ஏற்பி வழியாகவும் மற்றொன்று சிடி28 வழியாகவும் வரும். டி.ஜி.என். 1412 முதல் சமிக்ஞை இல்லாமலேயே டி செல்லை எழுப்பக்கூடிய அரிய வகையைச் சேர்ந்தது. எலிகளில் இதே வகை எதிர்ப்பொருள், அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தி டி செல்களைப் பெருக்கியதால், மூட்டு அழற்சி போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும் இது மருந்தாகும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இருந்தது என்பதை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் குழு கண்மூடித்தனமாக மனிதர்களிடம் போகவில்லை.

குரங்குகளில் அவர்கள் செய்த சோதனை, அன்றைய அளவுகோல்படி குறையற்றது. கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம் தொடர்ந்து கொடுத்தும் நீள்வால் குரங்குகளுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு எதுவும் நேரவில்லை. மனிதருக்குக் கொடுத்தது அதில் 500-இல் ஒரு பங்கு. குரங்கின் சிடி28 ஏற்பியில் மருந்து வந்து பற்றும் வெளிப்பகுதி மனிதருடையதைப் போன்றதே என்பதும் சரிபார்க்கப்பட்டிருந்தது. 'பொருத்தமான விலங்கு' என்று விதிமுறைகள் கேட்கும் தகுதி அந்தக் குரங்குக்கு முழுமையாக இருந்தது; அப்படியிருந்தும் விடை தலைகீழாக வந்தது.

ஏன் என்பது 2010-இல்தான் தெளிவாயிற்று. இங்கிலாந்தின் தேசிய உயிரியல் தர நிறுவனமான என்.ஐ.பி.எஸ்.சி.யின் ஆய்வாளர்கள், ஏற்பி ஒன்றாக இருந்தாலும் அது எந்தச் செல்லின் மேல் இருக்கிறது என்பது வேறுபடுவதைக் கண்டறிந்தார்கள். முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்துக்கொண்டு, அழைப்பு வந்தவுடன் சைட்டோகைனைக் கொட்டத் தயாராக நிற்கும் நினைவு டி செல் வகை ஒன்று உண்டு. மனிதரில் இவ்வகையின் சிடி4 செல்கள் (பிற நோயெதிர்ப்புச் செல்களுக்கு உதவும் டி செல்கள்) சிடி28 ஏற்பியைத் தாங்கி நிற்கின்றன. குரங்கில் அதே வகைச் செல்கள் அந்த ஏற்பியை இழந்துவிடுகின்றன. பூட்டு ஒன்றேதான், ஆனால் குரங்கில் அந்தப் பூட்டு வெடிமருந்துக் கிடங்கின் கதவில் இல்லை. ஆய்வக எலிகளின் நிலை இன்னொரு விதம். கிருமியற்ற தூய்மையில் வளர்க்கப்படுவதால் அவற்றின் உடலில் நினைவு டி செல்களே மிகக் குறைவு.

செல் சோதனையும் அன்று தோற்றது

இங்கேதான் பலரும் அவசரப்பட்டு, 'ஆகவே விலங்கை விடுங்கள், மனித செல்லைப் பிடியுங்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். மறக்கப்படும் உண்மை ஒன்று உண்டு. டி.ஜி.என். 1412 மனித இரத்த வெள்ளணுக்களோடும் சோதிக்கப்பட்ட மருந்துதான். கரைசலாக மருந்தை ஊற்றி, பிரித்தெடுத்த வெள்ளணுக்களோடு வைத்துப் பார்த்தபோது அச்செல்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு என்.ஐ.பி.எஸ்.சி.யில் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோதும் அதே அமைதிதான் கிடைத்தது. பிறகு மருந்தைத் தட்டின் குழிகளில் உலர வைத்து அடிப்பரப்போடு ஒட்டச் செய்து, அதன் மேல் வெள்ளணுக்களைச் சேர்த்தபோதுதான் சைட்டோகைன் பொங்கியது. இரத்தக் குழாயின் உட்சுவர் செல்களை அடியில் பரப்பி, அவற்றோடு மருந்தையும் வெள்ளணுக்களையும் சேர்த்தபோதும் இதுவே நடந்தது. 2007-இல் வெளியான இந்த முடிவுகளே இன்றைய சைட்டோகைன் வெளியீட்டுச் சோதனைகளுக்கு வழிகாட்டி.

ஆகவே தேர்வுக்குரிய விருப்பங்களை 'விலங்கு அல்லது செல்' என்று இரண்டாகப் பிரிப்பதே பிழையான தொடக்கம் என்பது என் கருத்து. 2006-இல் தோற்றவை இரண்டு: தவறான செல்களைக் கொண்ட விலங்கும், சரியான செல்களுக்குத் தவறான விதத்தில் நீட்டப்பட்ட மருந்தும். எதிர்ப்பொருள் ஒரு ஏற்பியைத் தொடுவது மட்டும் பெரும்பாலும் போதாது. பல ஏற்பிகளை ஒன்றாக இழுத்துக் குவிக்க வேண்டும். உடலில் அந்த வேலையை, எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்ளும் எஃப்.சி. ஏற்பி கொண்ட பக்கத்துச் செல்கள் செய்கின்றன. கரைசலில் மிதக்கும் மருந்துக்கு அந்தப் பிடிமானம் கிடைக்காவிட்டால், அது ஏற்பியைத் தொட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

செல் சோதனையின் நான்கு வடிவங்கள்

முழு இரத்தத்தோடு மருந்தைக் கலந்து பார்ப்பதுதான் இவற்றில் எளியது. கொடையாளரிடம் எடுத்த சில மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு சிரமம் அதிகம் இல்லை. சிவப்பணு, தட்டணு, நியூட்ரோபில், பிளாஸ்மாவின் புரதங்கள் என எல்லாமே உடலில் உள்ள விகிதத்தில் இருப்பதால், இதுதான் இயற்கைக்கு மிக நெருக்கம் என்று பலர் வாதிடுவார்கள். வெள்ளணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருளான அலெம்டுசுமாப் போல, இயற்கைக் கொல்லி செல்கள் எனப்படும் வெள்ளணு வகையின் எஃப்.சி. ஏற்பி வழியாகச் சைட்டோகைனை வெளிக்கொணரும் மருந்துகளை இது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். டி.ஜி.என். 1412 வகைக்கு இதன் உணர்திறன் மிகக் குறைவு. ஆக, இயற்கைக்கு நெருக்கமாக இருப்பதும் ஆபத்தைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

மருந்தைத் தட்டில் ஒட்டவைக்கும் முறை இதற்கு நேர் எதிர். உடலில் எங்கும் மருந்து பிளாஸ்டிக்கில் உலர்ந்து கிடப்பதில்லை. ஆனால் ஏற்பிகளை இழுத்துக் குவிக்கும் ஆற்றல் எதிர்ப்பொருளுக்கு உண்டா என்பதை இது தயங்காமல் காட்டும். இதன் குறை, மருந்தளவு பற்றி எதுவும் சொல்லாமை. குழியில் ஒட்டியிருக்கும் மைக்ரோகிராமை நோயாளியின் இரத்தத்திலுள்ள செறிவாக மாற்றிச் சொல்ல நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆபத்து உண்டா இல்லையா என்ற கேள்விக்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். 'எவ்வளவு கொடுத்தால் ஆபத்து' என்ற கேள்வியை இதனிடம் கேட்கக் கூடாது.

உட்சுவர் செல்களோடு சேர்த்து வளர்க்கும் முறை இடைப்பட்டது. மருந்து கரைசலாகவே இருக்கும். பக்கத்துச் செல் என்ற துணையும் கிடைக்கும். ஆனால் உட்சுவர் செல்கள் ஒரு கொடையாளருடையவை, வெள்ளணுக்கள் இன்னொருவருடையவை என்பதால், மருந்தே இல்லாதபோதும் ஒரு முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். மேலும் இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்களை உட்சுவர் செல்கள் தாமாகவே வெளியிடுவதால், அளவீட்டைப் படிப்பதற்குப் பழகிய கண் வேண்டும்.

நான்காவது முறையே எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹூனிக் குழுவினர் 2011-இல் வெளியிட்டது இது, டி.ஜி.என். 1412-க்கு அடித்தளமான ஆய்வுகள் பிறந்ததும் அங்கேதான். தாங்கள் நம்பி வளர்த்த மருந்து ஏன் தடம்புரண்டது என்ற கேள்வியை அவர்கள் விட்டுவிடாமல் துரத்தினார்கள் என்பது மதிப்புக்குரியது. அவர்களின் விளக்கம் எளிமையானது. நாம் சோதனைக்கு எடுப்பது இரத்தத்தில் பயணம் செய்துகொண்டிருக்கும் டி செல்கள். ஆனால் உடலின் டி செல்களில் மிகப் பெரும்பகுதி நிணநீர்க் கணுக்களிலும் திசுக்களிலும் நெருக்கமாக அடைந்து கிடக்கிறது. அங்கே பக்கத்துச் செல்களோடு உரசிக்கொண்டே இருப்பதால் அவை எப்போதும் பாதி விழிப்பில் இருக்கின்றன. இரத்தத்தில் இறங்கியவுடன் அந்த விழிப்பை இழக்கின்றன. வெள்ளணுக்களை ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி என்ற நெருக்கத்தில் இரண்டு நாள் வளர்த்துவிட்டு, அதன் பிறகு கரைசலாகவே மருந்தைச் சேர்த்தால் டி.ஜி.என். 1412 தன் சுயரூபத்தைக் காட்டிவிடுகிறது. பிளாஸ்டிக்கில் உலர்த்தும் செயற்கை இதில் இல்லை. மருந்து கரைசலில் இருப்பதால் செறிவு பற்றிய கேள்வியையும் ஓரளவு கேட்க முடிகிறது.

அந்தக் கேள்வி உண்மையில் கேட்கப்பட்டு, மனிதரில் சரிபார்க்கவும் பட்டது. மிகக் குறைந்த செறிவில் இந்த மருந்து அழற்சிச் செல்களை எழுப்பாமல், ஒழுங்குபடுத்தி டி செல்களை மட்டும் தூண்டும் என்று அந்த நெருக்க வளர்ப்பு முறை காட்டியது. டி.ஏ.பி. 08 என்ற புதிய பெயரோடு அதே மருந்து மறுபடியும் நலமான தன்னார்வலர்களுக்குக் கொடுக்கப்பட்டது. தொடக்க அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், அதாவது 2006-இல் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கிருந்து படிப்படியாக 7 மைக்ரோகிராம் வரை உயர்த்தினார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி, அழற்சி சைட்டோகைன்கள் எழவில்லை. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 எழுந்தது. குரங்குச் சோதனையின் அடிப்படையில் கொடுக்கப்பட்டு ஆறு பேரைச் சாய்த்த அதே மூலக்கூறு, செல் சோதனையின் துணையோடு அளந்து கொடுக்கப்பட்டபோது தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்தது. இந்த ஒப்பீட்டில் இதைவிட வலுவான சான்று வேறில்லை என்று கருதுகிறேன்.

சுண்டெலி

மனித வெள்ளணுக்களை ஏற்றிய சுண்டெலியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தன் சொந்த நோயெதிர்ப்பு மண்டலம் இல்லாத சுண்டெலி இனத்துக்கு மனித வெள்ளணுக்களைச் செலுத்தி, பிறகு மருந்தைக் கொடுத்து, உடல் வெப்பம் குறைகிறதா, மனித சைட்டோகைன்கள் இரத்தத்தில் ஏறுகின்றனவா என்று பார்ப்பார்கள். மருந்து உடலில் பரவுவதும் கழிவதும் இதில் இருப்பதால், தட்டில் கிடைக்காத ஒரு பரிமாணம் கிடைக்கிறது. ஆனால் ஏற்றப்பட்ட மனித டி செல்கள் எலியின் திசுக்களையே அந்நியமாகக் கருதித் தாக்கத் தொடங்கிவிடுவதால் சோதனைக்கான காலம் சில வாரங்களே. மனித சைட்டோகைன்கள் பலவற்றுக்கு எலியின் உறுப்புகள் சரிவரப் பதிலளிப்பதும் இல்லை. தட்டுச் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக வரும்போது மூன்றாவது சாட்சியாக அழைக்கலாம். முதல் சாட்சியாக அழைக்க வேண்டாம்.

செல்லால் சொல்ல முடியாதவை

செல் சோதனைக்குச் சார்பாகப் பேசுபவர்கள் அதன் எல்லையையும் அதே உறுதியோடு சொல்லக் கடமைப்பட்டவர்கள். நோயெதிர்ப்புப் பாதுகாப்பு என்பது சைட்டோகைன் புயல் மட்டுமல்ல. மருந்து நோயெதிர்ப்பை மெல்ல அடக்கி, மாதங்கள் கழித்துத் தொற்றுக்கு வழிவிடலாம். மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் தன்னெதிர்ப்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நாடலிசுமாப், 2005 பிப்ரவரியில் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. டி செல்கள் மூளைக்குள் நுழைவதை அது தடுத்ததால், பலரின் உடலில் உறங்கிக்கிடக்கும் ஜே.சி. வைரஸ் சிலருக்கு மூளையில் விழித்தெழுந்தது. 2006-இல் கடுமையான கண்காணிப்பு நிபந்தனைகளோடு அது திரும்ப அனுமதிக்கப்பட்டது. இந்த ஆபத்தை 48 மணி நேரத் தட்டுச் சோதனை காட்டியிருக்க முடியாது, குரங்கும் காட்டவில்லை.

நோயெதிர்ப்பு அடக்கத்தை அறிய விலங்குக்கு அது முன்பு சந்திக்காத ஒரு புரதத்தைச் செலுத்தி, அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகிறதா என்று பார்ப்பது இன்றும் வழக்கத்தில் உள்ள முறை. இதில் புரதத்தை விழுங்கிக் காட்டும் செல், உதவும் டி செல், எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல் என மூன்று வகைச் செல்களும் நிணநீர்க் கணு என்ற இடத்தில் சந்தித்தாக வேண்டும். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியின் புரதத்தைக் கொண்டு மனித வெள்ளணுக்களின் நினைவுப் பதிலை அளக்கும் தட்டுச் சோதனை ஒன்று 2010 முதல் புழக்கத்தில் உள்ளது. மருந்து அந்தப் பதிலை அடக்குகிறதா என்று விரைவாகச் சொல்லிவிடும். ஆனால் அது ஏற்கெனவே கற்ற பாடத்தை ஒப்பிக்கச் சொல்வது போன்றது. புதிய பாடத்தைக் கற்கும் திறன் குலைந்ததா என்பதை அது நேரடியாகக் காட்டாது. இந்தக் கேள்விக்கு இன்னும் சில காலம் விலங்கின் உதவி தேவைப்படும் என்றே நினைக்கிறேன். மருந்து இரத்தத்தில் எத்தனை நாள் தங்கும், எந்த உறுப்பில் எதிர்பாராத சேதம் விளைவிக்கும் என்பவையும் அப்படியே.

விதிகளும் செலவும்

குரங்குச் சோதனை முன்பு போல எளிதில் கிடைக்கும் வழியாகவும் இப்போது இல்லை. 2020-இன் தொடக்கத்தில் சீனா ஆய்வகக் குரங்குகளின் ஏற்றுமதியை நிறுத்தியபின் விலை பல மடங்கு ஏறியது, காத்திருப்பு நீண்டது. 2022-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் நீள்வால் குரங்கை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் அமெரிக்கா, 1938-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த விலங்குச் சோதனைக் கட்டாயத்தை நீக்கி, செல் சோதனை, கணினி மாதிரி உள்ளிட்ட மாற்று முறைகளையும் சான்றாக ஏற்கச் சட்டத் திருத்தம் செய்தது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தபோது முதலில் குறிப்பிட்டது மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை, அதாவது ஒரே இலக்கைப் பற்றும் ஒரே வகை எதிர்ப்பொருள்களாலான மருந்துகளையே. இந்தியாவிலும் 2023 மார்ச்சில், புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் மாற்று முறைகளுக்கு இடமளித்தது.

இவற்றை வைத்து, 'சட்டமே அனுமதித்துவிட்டது, குரங்குச் செலவை மிச்சப்படுத்தலாம்' என்று கணக்கிடும் குழுக்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. செலவு குறைவு என்பது செல் சோதனையைத் தேர்வதற்கான காரணங்களில் கடைசியாக வர வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைச் செல் சோதனையின் தரத்துக்கே திருப்பிச் செலவிட மனம் இல்லாத குழு, குறைந்த விலையில் ஒரு பொய்யான நிம்மதியைத்தான் வாங்கும்.

அந்தத் தரம் சில எளிய விஷயங்களில் இருக்கிறது. மனிதருக்கு மனிதர் நோயெதிர்ப்பு வேறுபடும். மூன்று கொடையாளர்களின் இரத்தத்தில் அமைதியாக இருந்த மருந்து, பத்தாவது கொடையாளரின் செல்களில் சீறக்கூடும். ஆகவே பத்துக்குக் குறையாத கொடையாளர்களை நான் வற்புறுத்துவேன். சராசரியை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்க மாட்டேன், ஒவ்வொரு கொடையாளரின் எண்ணையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மருந்து மாதிரியில் பாக்டீரியாச் சுவரின் எச்சமான எண்டோடாக்சின் சிறிதளவு கலந்திருந்தாலும் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் கொதித்தெழுந்து, நல்ல மருந்துக்கும் பழி வந்து சேரும். எனவே அந்த அளவீடு முதலில் செய்யப்பட வேண்டும். எந்தச் சைட்டோகைனை அளப்பது என்பதும் அலட்சியமாக முடிவு செய்யக்கூடியதல்ல. டி.ஜி.என். 1412 வகைக்கு மிகத் தெளிவான அடையாளமாக இருந்தது இன்டர்லூகின்-2. அதை அளக்காமல் இன்டர்லூகின்-6, 8 ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் தேடிய அடையாளமே தவறிப்போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு முறையும் ஆபத்து தெரிந்த மருந்துகள் அருகிலுள்ள குழிகளில் இருந்தாக வேண்டும். ஒன்றல்ல, குறைந்தது மூன்று: டி.ஜி.என். 1412 போன்ற ஒன்று, 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓ.கே.டி. 3 போல டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி3 என்ற புரதத்தைத் தொடும் ஒன்று, அலெம்டுசுமாப் போன்ற ஒன்று. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு வழிகளில் சைட்டோகைனை எழுப்புபவை என்பதால், எந்த வழிக்கு நம் சோதனை குருடாக இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். என்.ஐ.பி.எஸ்.சி. இதற்கென்றே ஒப்பீட்டு எதிர்ப்பொருள்களின் தொகுதி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. இவை இல்லாமல் வரும் 'எதிர்மறை முடிவு' என்ற தாள் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அதன் மேல் ஒரு மனிதரின் உயிரை வைக்க முடியாது.

மருந்துக்கு ஏற்ற தேர்வு

இனி முடிவுக்கு வரலாம். இரத்தத்தில் கரைந்து திரியும் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்குவது மட்டுமே மருந்தின் வேலை, அதன் வால் பகுதியும் செயலற்றதாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்றால், முழு இரத்தச் சோதனையும் ஒரு தட்டு ஒட்டுச் சோதனையும் போதும்; முதல் மருந்தளவை வழக்கமான விலங்கு ஆய்விலிருந்து கணக்கிடுவதில் பெரிய தவறில்லை. இலக்கான செல்லை எஃப்.சி. ஏற்பி வழியாக அழிப்பதுதான் வேலை என்றால், இயற்கைக் கொல்லி செல்கள் துடிப்போடு இருக்கும் புத்தம்புதிய முழு இரத்தம் முதன்மையாக வேண்டும். உறைய வைத்துக் கரைத்த வெள்ளணுக்களை அங்கே நம்பக் கூடாது.

டி செல்லின் ஏற்பியைத் தூண்டும் மருந்து என்றால் கணக்கே வேறு. அங்கே நெருக்க வளர்ப்பு முறையும் தட்டு ஒட்டு முறையும் இரண்டும் செய்யப்பட வேண்டும். குரங்கில் தீங்கு விளைவிக்காத உச்ச அளவிலிருந்து வகுத்துக்கொண்டு வருவதைக் கைவிட்டு, மனித செல்லில் முதல் அசைவு தெரியும் செறிவிலிருந்து முதல் மருந்தளவைக் கட்டியெழுப்ப வேண்டும். லண்டன் நிகழ்வுக்குப் பிறகு சர் கார்டன் டஃப் தலைமையிலான வல்லுநர் குழு 2006 டிசம்பரில் அளித்த அறிக்கை வலியுறுத்தியதும், ஐரோப்பிய மருந்து முகமை 2007-இலும் பின்னர் 2017-இலும் தன் வழிகாட்டுதலில் சேர்த்ததும் இந்த அணுகுமுறைதான். அன்று கொடுத்த அளவு, உடலின் சிடி28 ஏற்பிகளில் சுமார் 90 விழுக்காட்டை நிரப்பியிருக்கும் என்று அந்தக் குழுவின் கணக்கு காட்டியது. குரங்கில் 500 மடங்கு தாங்கியது என்ற எண்ணை விட, இந்த ஓர் எண் முன்பே மேசையில் இருந்திருந்தால் உரையாடல் வேறுவிதமாகப் போயிருக்கும்.

ஒரு கையால் டி செல்லையும் மறு கையால் புற்றுநோய்ச் செல்லையும் பிடிக்கும் இருமுனை எதிர்ப்பொருள்களுக்கு, புற்றுநோய்ச் செல்லும் தட்டில் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் செய்யும் சோதனை மருந்தின் ஒரு கையை மட்டுமே பார்க்கும். இவ்வகை மருந்துகளின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்த எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள், செல் சோதனையில் 10 முதல் 30 விழுக்காடு செயல்திறன் தெரியும் செறிவிலிருந்து முதல் அளவைக் கணக்கிடுவது பொதுவாகத் தாங்கக்கூடியதாக இருந்தது என்றும், ஏற்பி நிரம்பும் விழுக்காட்டை வைத்துக் கணக்கிட்டால் அளவு மிகைப்பட்டுவிடுகிறது என்றும் 2017-இல் பதிவுசெய்தார்கள். செல் சோதனையிலிருந்து மருந்தளவுக்குப் போகும் பாதை இந்த வகையில்தான் மிக உறுதியாக இடப்பட்டிருக்கிறது.

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் மாறாத ஒரு விதி மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறது. 2006-இல் ஒரு தன்னார்வலருக்கும் அடுத்தவருக்கும் இடையே விடப்பட்டது சுமார் பத்து நிமிடம். முதல் ஆளுக்கு மருந்து கொடுத்துவிட்டு, சைட்டோகைன் எழுந்து அடங்குவதற்கான நேரத்தையும் தாண்டிக் காத்திருந்து, அதன் பிறகே அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். அந்தக் காத்திருப்பு எத்தனை மணி நேரம் என்பதைச் செல் சோதனையில் சைட்டோகைன் உச்சத்தைத் தொட்ட நேரத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.